‘நோய் இல்லை’ என்ற அறிக்கைக்குப் பிறகும் ஏன் என்புமச்சை மாற்று?

யாழ்ப்பாணத்தில் குருதிப் புற்றுநோயைப் பற்றிய பேச்சு இப்போது முகநூல் வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது. ஒரு பிள்ளையின் படம், ஒரு வங்கிக் கணக்கு இலக்கம், “என்புமச்சை மாற்றுச் சத்திரசிகிச்சைக்கு உதவுங்கள்” என்று ஒரு வரி. பார்த்தவர்கள் பணம் அனுப்புகிறார்கள். அனுப்பிய கையோடு சந்தேகமும் படுகிறார்கள். “போன மாதம்தானே நோய் இல்லை என்று அறிக்கை வந்ததாகச் சொன்னார்கள்? பிறகேன் இத்தனை இலட்சம்?” சிலர் இதை ஏமாற்று வேலை என்றே முடிவுகட்டிவிடுகிறார்கள்.

நோயாளியின் வீட்டுக்குள் வேறொரு குழப்பம். ‘எம்.ஆர்.டி. பொசிற்றிவ்’, அதாவது சிகிச்சைக்குப் பிறகும் நோய் கொஞ்சம் எஞ்சியிருக்கிறது, என்று இருக்கும் தாளை ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பாவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அவர் இரவிரவாக இணையத்தைத் தோண்டிவிட்டு, “இனி ஒன்றும் செய்ய ஏலாது போலிருக்கிறது, பிள்ளை” என்கிறார்.

சந்தேகப்பட்டவரும் தவறு, சித்தப்பாவும் தவறு. இந்த நோயில் ‘இல்லை’ என்று சொன்னால், எவ்வளவு நுணுக்கமாகத் தேடிப் பார்த்துச் சொன்னார்கள் என்று அடுத்த கேள்வி கேட்க வேண்டும். இருவருமே அதைக் கேட்கவில்லை. ஆகவே அடியிலிருந்தே தொடங்குவோம்.

நோய் எங்கே இருக்கிறது

எலும்புகளின் உள்ளே, முக்கியமாக இடுப்பெலும்பு, மார்பெலும்பு, முள்ளந்தண்டு ஆகியவற்றின் உள்ளே, கஞ்சிபோல் ஒரு மென்மையான பொருள் இருக்கிறது. அதுதான் என்புமச்சை. குருதியில் ஓடும் எல்லாக் கலங்களும் அங்கேதான் பிறக்கின்றன. அவற்றைப் பிறப்பிக்கும் தாய்க்கலத்தை மூலக்கலம் என்கிறோம். மூலக்கலத்திலிருந்து முதிராக் கலம் உருவாகி, அது படிப்படியாக முதிர்ந்து, செங்குழியமாகவோ வெண்குழியமாகவோ குருதிச் சிறுதட்டாகவோ குருதிக்குள் இறங்குகிறது.

தீவிரக் குருதிப் புற்றுநோயில், அப்படி ஒரு கலத்தின் பரம்பரையலகுகளில் விகாரம் ஏற்பட்டு, அது முதிர்வதை நிறுத்திவிடுகிறது. பெருகுவதை மட்டும் நிறுத்துவதில்லை. சில வாரங்களில் மச்சை முழுவதும் பயனற்ற முதிராக் கலங்களால் நிரம்புகிறது. நல்ல கலங்கள் பிறக்க இடமில்லை. செங்குழியம் குறைந்து ஆள் வெளிறிப்போகிறார். சிறுதட்டு குறைந்து பல்முரசிலிருந்து இரத்தம் கசிகிறது. உருப்படியான வெண்குழியம் இல்லாததால் காய்ச்சல் விடாமல் அடிக்கிறது. காய்ச்சலும் குறைந்த சிறுதட்டும் சேர்ந்து வருவதால், மார்கழி மழைக்காலத்தில் எங்கள் பக்கத்தில் முதலில் டெங்கு என்று நினைப்பதும் நடப்பதுதான்.

இதில் இரண்டு பெரிய வகைகள். நிணநீர்க் கல வழியில் வருவது ‘ஏ.எல்.எல்.’, சிறுவர்களிடம் அதிகம். மச்சைக் கல வழியில் வருவது ‘ஏ.எம்.எல்.’; வயது வந்தவர்களிடம் அதிகம். உட்பிரிவுகள் பல உண்டு. அவை இங்கே வேண்டியதில்லை.

சிகிச்சையின் முதற்கட்டம் ஏறத்தாழ ஒரு மாதம் நீளும் கடும் மருந்துச் சுற்று. அது முடிந்ததும் மச்சையை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்க்கிறார்கள். முதிராக் கலங்கள் நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே வந்து, குருதிக் கல எண்ணிக்கைகளும் மீண்டிருந்தால், அதன் பெயர் முழுமையான நோய்த்தணிவு. ‘நோய் இல்லை’ என்று குடும்பத்தின் காதில் விழுவது இந்தக் கட்டத்தில்தான். வைத்தியர் சொன்னது தணிவு. கேட்டவர்கள் எடுத்துக்கொண்டது குணம்.

தோட்டக்காரரின் கண்

உரும்பிராய், இணுவில் பக்கம் செம்மண் தோட்டத்தில் வெங்காயம் வைத்தவர்களுக்குக் கோரையைப் பற்றிச் சொல்லித்தரத் தேவையில்லை. பாத்தி முழுவதும் பிடுங்கிவிட்டால் மண் வெறுமையாகச் சிவந்து கிடக்கும். வேலியோரம் போகிறவர் “நல்ல சுத்தம்” என்பார். தோட்டக்காரர் அதைச் சொல்லமாட்டார். ஓரிடத்தில் மண்வெட்டியால் கொத்தி, ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் உதிர்த்து, கறுத்த கடலை மாதிரிக் கிழங்கு ஏதும் கிடக்கிறதா என்று விரலால் தட்டிப் பார்ப்பார். ஒன்றிரண்டு கிடந்தால் போதும். இரண்டு தரம் இறைத்ததும் பச்சை தலைகாட்டும் என்று அவருக்குத் தெரியும்.

நுணுக்குக்காட்டி வேலியோரம் நின்று பார்ப்பது. மண்ணைக் கொத்திப் பார்ப்பதுதான் எம்.ஆர்.டி. பரிசோதனை. தமிழில் அதை அளவிடத்தக்க எச்சநோய் என்று சொல்லலாம்: தணிவுக்குப் பிறகும் உடலில் எஞ்சியிருக்கும், சாதாரண நுணுக்குக்காட்டிக்கு அகப்படாத, ஆனால் நுட்பமான முறைகளால் எண்ணக்கூடிய புற்றுக்கலங்கள்.

இன்னுமொன்றையும் தோட்டக்காரர் அறிவார். ஒரு பிடி மண்ணில் கிழங்கு இல்லையென்றால் அந்தப் பிடியில் இல்லை, அவ்வளவுதான். உவமையை இத்துடன் விட்டுவிடுகிறேன். இனி வருவதற்கு அது போதாது.

எவ்வளவு எஞ்சியிருக்கலாம்

நோய் கண்டுபிடிக்கப்படும் நாளில் ஒரு பெரியவரின் உடலில் இருக்கும் புற்றுக்கலங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஓர் இலட்சம் கோடி. எடையில் ஒரு கிலோ அளவு. முதல் மருந்துச் சுற்றில் அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அழிந்தாலும், மீதி ஆயிரம் கோடி இருக்கும். நுணுக்குக்காட்டியில் பார்க்கிறவருக்கு அது தெரியாது. மருந்திலிருந்து மீளும் மச்சையில் நல்ல முதிராக் கலங்களும் இருக்கும். நூற்றில் இரண்டு மூன்று முதிராக் கலங்களைக் கண்டால் அவை நல்லவையா கெட்டவையா என்று வடிவத்தை வைத்துச் சொல்ல இயலாது.

எம்.ஆர்.டி. பரிசோதனை பத்தாயிரம் கலங்களில் ஒரு கெட்ட கலத்தைக் கண்டுபிடிக்கும். சில முறைகள் பத்து இலட்சத்தில் ஒன்றைக்கூடப் பிடிக்கும். பரிசோதனை கண்டுபிடிக்கக்கூடிய மிகக் குறைந்த அளவை அதன் உணர்திறன் எல்லை என்கிறோம். பத்தாயிரத்தில் ஒன்று என்ற எல்லையில் ‘நெகற்றிவ்’ வந்தாலும், உடல் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் பத்துக் கோடிப் புற்றுக்கலங்கள் வரை அந்த எல்லைக்குக் கீழே ஒளிந்திருக்க இடமுண்டு. ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். இரண்டையும் அந்த அறிக்கையால் பிரித்துச் சொல்ல முடியாது.

சுருக்கமாக: தணிவு என்பது நுணுக்குக்காட்டியின் எல்லை. எம்.ஆர்.டி. நெகற்றிவ் என்பது அதைவிடப் பல நூறு மடங்கு நுட்பமான ஓர் எல்லை. இரண்டுமே பூச்சியம் என்று பொருள்படா.

எப்படித் தேடுகிறார்கள்

மூன்று வழிகள் உண்டு. முதலாவது புளோ சைற்றோமெற்றி. ஒவ்வொரு கலத்தின் மேற்பரப்பிலும் சில புரதங்கள் இருக்கின்றன. அந்தப் புரதங்களில் ஒட்டிக்கொள்ளும் பிறபொருளெதிரிகளில் ஒளிரும் சாயம் பூசி, மச்சை மாதிரியுடன் கலந்து, கலங்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியின் ஊடாக ஓடவிடுகிறார்கள். எந்தக் கலத்தில் எந்த நிறங்கள் சேர்ந்து மின்னுகின்றன என்று கருவி பதிவுசெய்கிறது. புற்றுக்கலம் நல்ல கலத்தில் சேர்ந்து வராத புரதங்களைச் சேர்த்து அணிந்திருக்கும். பத்தாயிரத்தில் ஒன்றை நம்பிக்கையுடன் சொல்ல, ஐந்து இலட்சம் முதல் பத்து இலட்சம் கலங்கள் வரை படித்தாக வேண்டும். படித்து முடித்த பிறகு ஒரு மனிதர் அந்தப் புள்ளிக் கூட்டங்களைப் பார்த்துத் தீர்மானிக்கிறார். அந்த மனிதரின் அனுபவமும் விடையில் ஒரு பங்கு. இதை அறிக்கையில் எழுதமாட்டார்கள்.

இரண்டாவது பி.சி.ஆர். கொரோனாக் காலத்தில் மூக்குக்குள் குச்சி விட்ட அதே பி.சி.ஆர்.தான்; அங்கே வைரசின் பரம்பரைப் பொருளைத் தேடினார்கள், இங்கே புற்றுக்கலத்துக்கு மட்டுமே உரிய பரம்பரையலகைத் தேடுகிறார்கள். இரண்டு நிறமூர்த்தங்கள் முறிந்து மாறி ஒட்டியதால் உருவான பி.சி.ஆர்.-ஏ.பி.எல். என்ற கலப்புப் பரம்பரையலகு, அல்லது என்.பி.எம்.1 என்ற பரம்பரையலகில் ஏற்படும் விகாரம் ஆகியவை இதற்கு உதாரணங்கள். பரம்பரையலகின் பெயரிலும் ‘பி.சி.ஆர்.’ வருவது தற்செயல். பரிசோதனையோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஏ.எல்.எல். நோயில் அந்தந்த நோயாளியின் புற்றுக்கலத்துக்கே உரிய பரம்பரை அடையாளம் ஒன்றைக் கண்டுபிடித்து, அவருக்கென்றே ஒரு பரிசோதனையைத் தைத்தெடுக்கிறார்கள்.

மூன்றாவது, புதிய தலைமுறை டி.என்.ஏ. வாசிப்பு. இலட்சக்கணக்கான டி.என்.ஏ. துண்டுகளை ஒரே தடவையில் வாசித்துவிடும். செலவு அதிகம்; எல்லா இடத்திலும் கிடைக்காது.

எந்த வழியானாலும் மாதிரி சரியாக எடுக்கப்படாவிட்டால் எல்லாம் வீண். நோயாளி ஒருக்களித்துப் படுத்திருக்க, இடுப்பெலும்பின் பின்மேடு மரத்துப்போக ஊசி போட்டு, தடித்த ஊசியால் எலும்பைத் துளைத்து, சிறிஞ்சால் இழுக்கிறார்கள். மரத்துப்போன பிறகும் அந்த இழுக்கும் கணத்தில் காலுக்குள் ஏதோ உறிஞ்சப்படுவதுபோல் ஒரு வலி ஓடும் என்று நோயாளிகள் சொல்வார்கள். முதல் இழுப்பில் வரும் சில மில்லிலீற்றர்தான் அசல் மச்சை. இரண்டாவது, மூன்றாவது இழுப்பில் சாதாரணக் குருதி கலந்து நீர்த்துவிடும். எச்சநோய் இருக்கும் அளவைவிடக் குறைவாகத் தெரியும். அதனால்தான் எம்.ஆர்.டி. பரிசோதனைக்கு முதல் இழுப்பையே அனுப்ப வேண்டும் என்பது நெறி.

என்புமச்சை மாற்று: கத்தி இல்லை

முகநூல் வேண்டுகோள்களில் தவறாமல் வரும் ‘சத்திரசிகிச்சை’ என்ற சொல் ஒரு முழுப் பிழையான படத்தை மனதில் போட்டுவிட்டது. எலும்பை வெட்டி எடுத்து வேறு எலும்பு பொருத்துவது என்றே பலர் நினைக்கிறார்கள். நோயாளியின் உடலில் கத்தியே படுவதில்லை.

நடப்பது இதுதான். முதலில் சில நாட்கள் மிகக் கடுமையான மருந்துகள், சில வேளைகளில் உடல் முழுவதற்கும் கதிர்வீச்சு, கொடுத்து நோயாளியின் சொந்த மச்சையை ஒடுக்குகிறார்கள். இதற்குத் தயார்ப்படுத்தற் சிகிச்சை என்று பெயர். கொடையாளிக்கு நான்கைந்து நாட்கள் ஓர் ஊசி மருந்து ஏற்ற, அவருடைய மூலக்கலங்கள் மச்சையிலிருந்து குருதிக்குள் வருகின்றன. இயந்திரம் ஒன்றின் வழியாகக் குருதியை ஓடவிட்டு அவற்றைப் பிரித்தெடுத்து ஒரு பையில் சேர்க்கிறார்கள். அந்தப் பையைக் குருதி ஏற்றுவதுபோல நோயாளியின் நாளத்தில் ஏற்றுகிறார்கள். அவ்வளவுதான் ‘மாற்று’. மூலக்கலங்கள் தாமாகவே மச்சைக்கு வழி கண்டுபிடித்துப் போய்க் குடியேறி, இரண்டு முதல் நான்கு வாரங்களில் புதுக் கலங்களைப் பிறப்பிக்கின்றன. கொடையாளியின் குருதி வகை வேறாக இருந்தால், நோயாளியின் குருதி வகையும் காலப்போக்கில் அதற்கு மாறிவிடும்.

கொடையாளிக்கும் நோயாளிக்கும் பொருந்த வேண்டியது குருதி வகையைவிட எச்.எல்.ஏ. எனப்படும் திசு அடையாளம். ஒரே தாய் தந்தையின் பிள்ளைகளில் ஒருவருக்கு இன்னொருவருடையது முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இப்போது பாதி பொருந்தும் தாய், தந்தை, பிள்ளையிடமிருந்தும் பெறும் முறை வளர்ந்துவிட்டது.

இது எப்படிப் புற்றுநோயைக் குணப்படுத்துகிறது? கடும் மருந்தால் மட்டும் என்று நீண்ட காலம் நினைத்திருந்தார்கள். அமெரிக்காவின் டொனால் தோமஸ் 1957 இல் மனிதரில் இந்த மாற்றைச் செய்தது பற்றி முதலில் எழுதினார். 1990 இல் நோபல் பரிசு பெற்றார். அதே 1990 இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு ஒரு விசித்திரத்தை உறுதிப்படுத்தியது: அச்சொட்டாகப் பொருந்தும் ஒரே கரு இரட்டையரிடமிருந்து மூலக்கலம் பெற்றவர்களுக்கு நோய் திரும்புவது, சாதாரணச் சகோதரரிடமிருந்து பெற்றவர்களைவிட அதிகம். அதாவது கொடையாளியிடமிருந்து வரும், கொஞ்சம் வேறுபட்ட நிர்ப்பீடனக் (நோயெதிர்ப்புக்) கலங்கள், நோயாளியின் உடலில் எஞ்சிய புற்றுக்கலங்களை அந்நியமாகக் கண்டு கொல்கின்றன. மாற்றின் உயிர்நாடி இந்தப் போர்தான்.

அதே போர் தோல், குடல், ஈரல் ஆகிய நல்ல திசுக்களின் மீதும் திரும்பலாம். அதன் பெயர் ஜி.வி.எச்.டி.; கொடைக்கலங்கள் பெற்றவரைத் தாக்கும் நோய். அதைக் கட்டுப்படுத்த நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்துகளை மாதக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கிறது. மாற்றினாலேயே உயிர் போவதும் உண்டு. ஆகவே தேவையில்லாதவருக்கு இதைச் செய்வது அநியாயம். தேவையானவருக்குச் செய்யாமல் விடுவதும் அநியாயம். யார் எவர் என்று பிரிக்கத்தான் எச்சநோய் அளவு உதவுகிறது.

சுருக்கமாக: மாற்று என்பது புதிய நிர்ப்பீடனத் தொகுதி ஒன்றை உடலில் குடியேற்றுவது. அது எஞ்சிய புற்றுக்கலங்களைக் கொல்லும், அதற்கு நேரம் வேண்டும், ஆபத்தும் உண்டு.

இரண்டும் சந்திக்கும் இடம்

மாற்றுக்கு முன் எச்சநோய் இருந்தால் பின்னர் நோய் திரும்பும் வாய்ப்பு ஏன் கூடுகிறது? மூன்று காரணங்கள், முதலாவதை எல்லோரும் ஊகிப்பார்கள், மற்ற இரண்டையும் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

எண்ணிக்கை முதலாவது. கொல்ல வேண்டியது கூடினால் தப்புவதும் கூடும்.

இரண்டாவது, காலம். புது மச்சை வாரங்களில் கலங்களைப் பிறப்பித்தாலும், போரிடத் தெரிந்த முழு நிர்ப்பீடனம் வளரப் பல மாதங்கள், ஒரு வருடம்கூட ஆகலாம். போதாக்குறைக்கு ஜி.வி.எச்.டி.க்குப் பயந்து அதை மருந்தால் அடக்கியும் வைத்திருக்கிறோம். அந்த இடைவெளியில் எஞ்சிய புற்றுக்கலங்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன. ஆயிரத்தில் ஒன்றிலிருந்து தொடங்கும் புற்று, பத்து இலட்சத்தில் ஒன்றிலிருந்து தொடங்கும் புற்றைவிடப் பத்து இரட்டிப்புகள் முன்னால் நிற்கிறது. நிர்ப்பீடனம் கண் விழிப்பதற்குள் மச்சை மறுபடி நிரம்பிவிடலாம்.

மூன்றாவது, தன்மை. இத்தனை மருந்துக்கும் சாகாமல் நின்றவை எவையோ அவைதான் எச்சம். எச்சநோய் இருக்கிறது என்ற செய்திக்குள், இந்த நோய் மருந்துக்கு அடங்காத குணம் கொண்டது என்ற செய்தியும் அடங்கியிருக்கிறது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில், தோமஸ் வேலைசெய்த அதே மையத்திலிருந்து 2016 இல் ஓர் ஆய்வு வெளியானது. முழு அளவுத் தயார்ப்படுத்தற் சிகிச்சையுடன் மாற்றுச் செய்யப்பட்ட 359 ஏ.எம்.எல். நோயாளிகள். மாற்றுக்கு முன் தணிவும் எம்.ஆர்.டி. நெகற்றிவும் உள்ளவர்களில் மூன்று வருடத்துக்குள் நோய் திரும்பியது நூற்றுக்கு 22 பேருக்கு. தணிவு இருந்தும் எம்.ஆர்.டி. பொசிற்றிவாக இருந்தவர்களில் 67. தணிவே வராமல், வெளிப்படையான நோயுடனேயே மாற்றுக்குப் போனவர்களில் 65. மூன்று வருடத்தில் உயிருடன் இருந்தவர்கள் முறையே 73, 26, 23 சதவீதம்.

அந்த 67ஐயும் 65ஐயும் அருகருகே வைத்துப் பாருங்கள். நுணுக்குக்காட்டி ‘தணிவு’ என்று சொன்னவர்களுக்கும், சொல்லாதவர்களுக்கும் அங்கே வித்தியாசமே இல்லை. இந்தத் துறையில் எம்.ஆர்.டி.யை அலட்சியம் செய்ய முடியாமற் போனதற்கு இப்படியான எண்கள்தான் காரணம்.

ஆனால் அதே எண்களை எதிர்ப்பக்கமாகவும் வாசிக்க வேண்டும். நெகற்றிவ் வந்தவர்களிலும் ஐந்தில் ஒருவருக்கு மேல் நோய் திரும்பியது. பொசிற்றிவ் வந்தவர்களிலும் நான்கில் ஒருவர் மூன்று வருடம் கடந்து உயிருடன் இருந்தார். ரொறன்ரோச் சித்தப்பா தவறவிட்டது இந்த நான்கில் ஒருவரைத்தான். மாற்றும் செய்யாமல் விட்டிருந்தால் அந்த நால்வரின் நிலை இதைவிட மோசமாகவே இருந்திருக்கும்.

பொசிற்றிவ் வந்தால் என்ன செய்கிறார்கள்

ஏ.எம்.எல். நோயில், எச்சம் இருந்தால் தயார்ப்படுத்தற் சிகிச்சையின் வீரியம் முக்கியமாகிறது. முழு வீரியத்தையும் குறைந்த வீரியத்தையும் ஒப்பிட்ட அமெரிக்கப் பரிசோதனை ஒன்றின் நோயாளிகளின் மாதிரிகளை டி.என்.ஏ. வாசிப்பால் ஆராய்ந்து 2020 இல் முடிவு வெளியிட்டார்கள். எச்சம் காணப்பட்டவர்களில் முழு வீரியச் சிகிச்சை பெற்றோருக்கு மூன்று வருடத்தில் நோய் திரும்பியது 19 சதவீதம். குறைந்த வீரியம் பெற்றோருக்கு 67. எச்சம் காணப்படாதவர்களிடம் உயிர்வாழ்வில் அப்படி ஒரு வித்தியாசம் இல்லை. முழு வீரியத்தைத் தாங்கும் உடல் எல்லோருக்கும் இல்லை என்பதுதான் சிக்கல். அறுபது வயதைக் கடந்தவருக்கும் இருதய நோயுள்ளவருக்கும் அதைக் கொடுக்கத் தயங்குவார்கள்.

ஏ.எல்.எல். நோயின் பி-கல வகையில் நிலைமை நம்பிக்கையூட்டுவது. பிளினாட்டுமோமாப் என்ற மருந்தின் ஒரு முனை புற்றுக்கலத்தையும் மறு முனை நோயாளியின் சொந்த டி-கலத்தையும் (நிர்ப்பீடனக் கலங்களில் ஒரு வகை) பிடித்து இரண்டையும் நேருக்கு நேர் கொண்டுவருகிறது. டி-கலம் அங்கேயே கொன்றுவிடுகிறது. எச்சநோய் உள்ளவர்களிடம் நடந்த முக்கிய ஆய்வில், முதற்சுற்றிலேயே 78 சதவீதத்தினரிடம் எச்சம் அளவிட முடியாத நிலைக்குப் போனது. 2018 மார்ச்சில், எச்சநோயைக் குறிவைத்துக் கொடுக்க அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மருந்தாக இது ஆனது. விலை எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்கு எட்டாதது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நெகற்றிவ் ஆனால் மாற்றே வேண்டாமா

சில வேளைகளில், ஆம். ஏ.எல்.எல். நோயுள்ள சிறுவர்களில் பெரும்பாலானோருக்கு மாற்றுத் தேவைப்படுவதே இல்லை, மருந்தாலேயே குணமாகிறார்கள். முதல் மாத முடிவில் எச்சநோய் மிகக் குறைவாக இருக்கும் சிறுவர்களுக்கு மருந்தின் அளவைக் குறைக்கலாம் என்றுகூட பிரித்தானிய ஆய்வு ஒன்று 2013 இல் காட்டியது. முகநூலில் ஒரு சிறுபிள்ளைக்கு மாற்றுக் கேட்கப்படுகிறதென்றால், நோய் திரும்பியிருக்கலாம், அல்லது மருந்துக்குப் பிறகும் எச்சம் நின்றிருக்கலாம், அல்லது நோயின் வகையே கடுமையானதாக இருக்கலாம்.

என்.பி.எம்.1 விகாரமுள்ள பெரியவர்களிடமும் இப்படித்தான். இரண்டாம் மருந்துச் சுற்றுக்குப் பிறகு குருதியில் அந்த விகாரத்தின் தடயம் நீடித்தவர்களுக்கு மூன்று வருடத்தில் நோய் திரும்பியது 82 சதவீதம், மறைந்தவர்களுக்கு 30. இதுவும் பிரித்தானியாவில், 2016 இல் வெளிவந்தது. மறைந்தவர்களில் பலரை முதற்தணிவில் மாற்றுக்கு அனுப்பாமல் கவனமாகக் கண்காணிப்பது இன்று வழமை.

ஆனால் எச்சமாகத் தெரிவதெல்லாம் புற்றும் இல்லை. வயதாக ஆக, நலமாக உள்ளவர்களின் மச்சையிலும் டி.என்.எம்.ரி.3ஏ போன்ற சில பரம்பரையலகுகளில் விகாரங்கள் தோன்றும். ஏ.எம்.எல். குணமான பிறகும் அவை நீடிக்கலாம். அவற்றை எச்சநோயாகக் கணக்கெடுக்கக் கூடாது. விகாரம் என்ற சொல்லை அறிக்கையில் கண்டதும் பதறாமல், எந்த விகாரம் என்று வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

மாற்றுக்குப் பிறகு

மாற்றோடு அளவெடுப்பு முடிவதில்லை. நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் இரண்டு வருடங்களுக்குள் திரும்பும். அதனால் அந்தக் காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது பார்ப்பது பொதுவான நடைமுறை. கூடவே இன்னொரு பரிசோதனையும் உண்டு: குருதிக் கலங்களில் எத்தனை வீதம் கொடையாளியுடையது, எத்தனை வீதம் நோயாளியுடையது என்று பார்ப்பது. கொடையாளியின் பங்கு நூறிலிருந்து இறங்கத் தொடங்கினால் கவனம் தேவை.

எச்சம் மீண்டும் தலைகாட்டினால், ஆள் இன்னும் நலமாக இருக்கும்போதே, குருதி எண்ணிக்கைகள் குலைவதற்கு வாரங்களோ மாதங்களோ முன்னதாகவே, செயற்பட அவகாசம் கிடைக்கிறது. நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்தைக் குறைத்துப் புதுக் கலங்களை அவிழ்த்துவிடலாம்; அதே கொடையாளியிடமிருந்து நிணநீர்க் கலங்களை மட்டும் மறுபடி எடுத்து ஏற்றலாம்; சில வகைகளில் அசசைற்றிடின் போன்ற மருந்துகளைத் தொடங்கலாம். வெளிப்படையாக நோய் திரும்பிய பிறகு இதே வழிகளின் பலன் மிகவும் குறைந்துவிடுகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து பார்த்தால்

தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை, 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்த ‘ட்ரெயில்’ நடைபயணம் சேர்த்த பணத்தில் எழுந்தது. அதற்கு முன் வடக்கிலிருந்து கொழும்புக்கு அருகே மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு ஓட வேண்டியிருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். மாற்றுச் சிகிச்சைக்கு இன்றும் பலர் கொழும்புப் பக்கமோ, பலாலியிலிருந்து சென்னை வழியாக வேலூருக்கோ போகிறார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் இந்த மாற்றுச் சிகிச்சை நடக்கிறது.

இடம் மாறுவதால் எம்.ஆர்.டி. விடயத்தில் இரண்டு நடைமுறைச் சிக்கல்கள் வருகின்றன. ஒன்று மாதிரி. புளோ சைற்றோமெற்றிக்குக் கலங்கள் உயிருடன் இருக்க வேண்டும். மச்சையை எடுத்த நேரத்திலிருந்து கலங்கள் சாகத் தொடங்குகின்றன. கொழும்பு சுமார் 400 கிலோமீற்றர். சித்திரை வெயிலில் பெட்டி ஒன்று எங்காவது காத்துக்கிடந்தால், வந்துசேரும் விடையை நம்ப முடியாது. தூர ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தால், வெள்ளிக்கிழமை பின்னேரம் எடுக்காமல் வாரத் தொடக்கத்தில் எடுக்கக் கேட்பது வீண் பிடிவாதம் ஆகாது.

மற்றது கடுதாசி. எச்சத்தைத் தேட வேண்டுமானால் எதைத் தேடுவது என்று தெரிய வேண்டும். எந்தப் புரதச் சேர்க்கை, எந்த விகாரம், எந்தக் கலப்புப் பரம்பரையலகு என்பதெல்லாம் நோய் கண்டுபிடித்த முதல் நாளின் மச்சையில்தான் தெளிவாகத் தெரியும். மருந்து தொடங்கிய பிறகு அந்த மச்சை திரும்பக் கிடைக்காது. வேலூரில் இறங்கும்போது கையில் பணமும் கடவுச்சீட்டும் இருந்து, முதல் மச்சை அறிக்கை வீட்டு அலுமாரிக்குள் கிடந்தால், அங்குள்ளவர்கள் ஊகத்தில் தேட வேண்டியதாகிவிடும். கடைசியாக வந்த ‘நோய் இல்லை’ அறிக்கையை எல்லோரும் பத்திரமாகக் கொண்டுபோகிறார்கள். அதைவிடப் பத்திரமாகக் கொண்டுபோக வேண்டியது, நோய் இருக்கிறது என்று சொன்ன முதல் அறிக்கையை. அதோடு, முடிந்தால், அன்றைய மாதிரியின் மீதியோ கண்ணாடித் தகடுகளோ வைத்தியசாலையில் இருக்கின்றனவா என்று புறப்படுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளலாம்.